லியாங் ஷுமிங்கா, ஃபெங் யூலானா?

இருவரும் இருபதாம் நூற்றாண்டின் சீனத் தத்துவவாதிகள். நவீன கன்பூசியச் சிந்தனைக்குள் நுழைய யாரை முதலில் படிப்பது? பாடம் முழுதாக வேண்டுமென்றால் ஃபெங். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர்; அவரது இரண்டு தொகுதி சீனத் தத்துவ வரலாறு அவ்வளவு தெளிவு.

லியாங்குக்குப் பல்கலைக்கழகப் பட்டமே கிடையாது. ஆனாலும் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் இந்தியத் தத்துவம் கற்பித்தார். அப்புறம் 1931இல் ஷான்டோங் மாகாணத்தின் ஸோபிங்கில் கிராமச் சீரமைப்பில் இறங்கினார். 1953இல் விவசாயிகளுக்காக மாவோவிடம் நேருக்கு நேர் வாதாடினார். மாவோ ஆட்சியில் கன்பூசியஸைத் தாக்கும் அரசியல் இயக்கம் சூடுபிடித்தபோது ஃபெங் அதற்கு இசைந்து எழுதினார், பின்னாளில் வருந்தினார். லியாங் மறுத்தார். படையின் தலைவனைப் பறிக்கலாம், எளியவனின் மன உறுதியைப் பறிக்க முடியாது என்ற கன்பூசியஸ் வாக்கையே 1974இல் பதிலாகச் சொன்னார். ஃபெங்கின் நெருக்கடி சாதாரணமானதல்ல. ஆனாலும் நான் முதலில் நீட்டுவது லியாங்கைத்தான்.