தாலிகெட்டுக்கு எது: ஸ்டாண்டு கேமராவா, கேண்டிட் கேமராவா?

கெட்டிமேளம் தொடங்கி மூன்றாம் முடிச்சு விழ ஒரு நிமிடம்கூடப் பிடிக்காது. ‘கேண்டிட் மட்டும் போதும், பழைய மாதிரி ஸ்டாண்டு எல்லாம் வேண்டாம்’ என்று நாகர்கோவில் முதல் களியக்காவிளை வரை கல்யாண வீடுகளில் கேட்கிறார்கள். ஸ்டாண்டு என்றால் முக்காலியில் ஓரிடத்தில் நிற்கும் கேமரா, கேண்டிட் என்றால் கையில் வைத்து நகர்ந்து எடுப்பது. ஐந்து நிமிட ஹைலைட்டுக்குக் கேண்டிட் மட்டும் போதும். தாலிகெட்டுக்குச் சரிவராது.

முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டையும் பல வீடுகளில் அவருடைய அக்காவோ தங்கையோ போடுவார். மூன்றும் விழுவது பொண்ணின் பின்கழுத்தில். அங்கே பின்னல், மல்லிகைச் சரம், மாலை எல்லாம் குவிந்து கிடக்கும். முன்னால் நிற்கும் ஸ்டாண்டு கேமராவுக்கு முகங்கள் கிடைக்கும், அட்சதை விழுவது கிடைக்கும், முடிச்சு கிடைக்காது. பக்கவாட்டில் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கும் கேண்டிட் ஆளுக்கு விரலும் மஞ்சள் கயிறும் கிடைக்கும். ஆனால் ஒரு மாமா குறுக்கே எழுந்து நின்றால் அவருக்கு ஒன்றுமே கிடைக்காது. ஒன்று தவறினால் மற்றது காப்பாற்ற வேண்டும் என்பதால்தான் இரண்டும் வேண்டியிருக்கிறது. ஒன்றுக்குத்தான் வசதி என்றால் ஸ்டாண்டையே தேர்ந்தெடுங்கள்.

ஸ்டாண்டு கேமராவை மணவறையிலிருந்து சுமார் 15 அடியில், 7 அடி உயரத்தில் நிறுத்த வேண்டும். மேளம் உச்சத்துக்குப் போனதும் முன்வரிசை மொத்தமும் எழுந்துவிடும். கண் மட்டத்தில் வைத்த கேமராவில் முதுகுகள்தான் பதியும். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 70 மி.மீ., எஃப் 4 (எஃப் எண் குறைந்தால் லென்ஸ் அகலத் திறக்கும், தெளிவின் ஆழம் குறையும்) வைத்தால் அந்தத் தூரத்தில் ஏறத்தாழ மூன்றரை அடி ஆழத்துக்குத் தெளிவு இருக்கும். மாப்பிள்ளை, பொண்ணு இருவரும் அதற்குள் அடங்குவார்கள். ஃபோகஸை மேனுவலில் பூட்டிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் ஹோமப் புகையிலும் பறக்கும் அட்சதையிலும் அது இடம் மாறும்.

கேண்டிட் பக்கம் நடக்கும் பெரிய தவறு, பின்னணி மங்கலாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.4-இல் திறப்பது. ஆறரை அடி தூரத்தில் அப்போது தெளிவாக இருப்பது இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. தாலி தெளிவாக இருக்கும்போது விரல் மங்கும், விரல் தெளிவானால் தாலி மங்கும். எஃப் 2.8-ஐவிட அகலமாகத் திறக்கத் தேவையே இல்லை. லென்ஸைவிட உதவுவது மேளம் தொடங்குமுன் சொல்லும் ஒரு வார்த்தை: “அக்கா, முடிச்சுப் போடும்போது பின்னலைக் கொஞ்சம் முன்னால எடுத்துப் போடுங்க.” கேட்டால் யாரும் மறுப்பதில்லை. கேட்காமல் விட்டால் முடிச்சு பூவுக்குள் மறைந்துபோகும்.

ஃபிரேம் ரேட்டில், அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்பதில், இரண்டு கேமராக்காரர்களும் முதல் நாளே பேசி வைக்க வேண்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்குகள் அதையொட்டியே துடிக்கும். 25 ஃபிரேமுக்கு ஷட்டர் 1/50 விநாடி, ஸ்லோமோஷனுக்கு 50 ஃபிரேம் என்றால் 1/100. அமெரிக்க யூடியூப் பாடங்களைப் பார்த்து 60 ஃபிரேம், 1/120 என்று வைத்தால் பல மண்டப விளக்குகளின் கீழ் திரையில் பட்டை பட்டையாக ஓடும். எடிட்டிங்கில் அதை முழுதாக நீக்க முடியாது. 100 ஃபிரேமை வெயிலில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மாடல் கேமராக்கள் பலவும் 29 நிமிடம் 59 விநாடியில் தானாக நின்றுவிடும். ஸ்டாண்டில் விட்டுவிட்டு நம்பிக்கையோடு திரும்பிப் பார்க்காமல் இருந்தால், மேளத்தின் நடுவே அது நின்றிருக்கும். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் முன்பு ஒருமுறை நிறுத்தி மறுபடி ஓட விடுங்கள். 4கே, விநாடிக்கு 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜி.பி. ஆகும், 128 ஜி.பி. கார்டு இரண்டே முக்கால் மணி நேரம் தாங்கும்.

கோயில் கல்யாணத்திலிருந்து தேவாலயத்துக்குப் போனால் கணக்கு மாறுகிறது. அங்கே தாலிக்கு நிகரான தருணம் இருவரும் வாய்விட்டுச் சொல்லும் திருமண வாக்குறுதி. அதற்குப் படத்தைவிடக் குரல் முக்கியம். கிம்பலோடு (கேமரா ஆடாமல் பிடிக்கும் கைப்பிடி) பலிபீடத்துக்கு முன்னால் நடப்பதைப் பங்குத்தந்தையோ போதகரோ விரும்புவதில்லை. எங்கே நிற்கலாம் என்பதை முந்தின நாளே கேட்டுவிடுங்கள். ஓரமாக ஸ்டாண்டில் 70–200 மி.மீ. லென்ஸ், மாப்பிள்ளையின் கோட்டில் காலர் மைக், ஆலயத்தின் மிக்ஸரிலிருந்து ஒரு ஒயர் ரெக்கார்டருக்கு. பொண்ணு கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதால் அந்த ஒரே மைக்கில் அவருடைய குரலும் விழும். கேமரா மைக்கை மட்டும் நம்பினால் மின்விசிறிச் சத்தமும் ஸ்பீக்கர் எதிரொலியும்தான் மிஞ்சும். இங்கே ஸ்டாண்டு கேமராதான் ஒரே பதில், கேண்டிட்டுக்கு வாசல் நுழைவும் வெளியே வரும் நேரமும் போதும்.

மண்டபத்தில் ஒலிச் சிக்கல் நேர் எதிர். தவில் சட்டென்று உச்சத்துக்குப் போகும். ஒலி அளவைக் கருவியே மாற்றும் ஆட்டோ லெவல் இருந்தால் முதல் அடியில் சத்தம் உடையும், பிறகு எல்லாம் அமுங்கும். மேளக்காரர்கள் முதல் உருப்படி வாசிக்கும்போதே உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நிற்கும்படி கையால் வையுங்கள்.

வெள்ளைத் துணி குமரி மாவட்டத்தில் அடிக்கடி எதிர்ப்படும். தேவாலயத்தில் வெள்ளைப் புடவை அல்லது கவுன். கல்குளம், விளவங்கோடு பக்கம் கசவு (தங்கச் சரிகை) கரை வைத்த வெளிர் நிறப் புடவை. முகத்தைப் பார்த்து வெளிச்சம் வைத்தால் துணியின் நெசவு வெளுத்துப்போகும். ஜீப்ராவை (வெளிச்சம் மிகுந்த இடத்தில் திரையில் கோடு காட்டும் வசதி) 95-இல் வைத்து, துணியில் கோடு வராத அளவுக்குக் குறைத்து எடுங்கள். முகத்தின் வெளிச்சத்தைப் பிறகு எடிட்டிங்கில் சற்று உயர்த்திக்கொள்ளலாம். கேமரா தலையில் மாட்டிய வீடியோ லைட்டை இறக்கிவிட்டு, பக்கவாட்டில் 45 டிகிரியில் உயரமாகப் பிடிக்கச் சொல்லுங்கள். பொண்ணு கண்ணைச் சுருக்க மாட்டார்.

கிம்பலுக்கும் கேண்டிட்டுக்கும் உரிய இடம் அவுட்டோர் ஷூட். முட்டம், வட்டக்கோட்டை இரண்டிலும் உப்புக் காற்று லென்ஸில் மெல்லிய படலமாக ஒட்டும். உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறும். முதலில் ஈரத் துணி, பிறகு உலர்ந்தது. ட்ரோனில் ஒரு இழுபறி உண்டு. 250 கிராம் வரை எடையுள்ளதற்கு 2021 ட்ரோன் விதிகளின்படி பைலட் சான்றிதழ் தேவையில்லை, ஆனால் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றுக்கு அது தாக்குப்பிடிக்காது. காற்றாலைகள் அங்கே நிற்பதே அந்தக் காற்றுக்காகத்தான். கனமான ட்ரோனைச் சம்பளத்துக்குப் பறக்கவிடுவதென்றால் சான்றிதழ் வேண்டும்.

ஒரே ஆளாகத்தான் போக வேண்டியிருந்தால், ஸ்டாண்டு கேமராவை மேலே சொன்ன அளவில் பூட்டி ஓடவிட்டு, இரண்டாவது கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு பொண்ணின் பக்கவாட்டில் உட்காருங்கள். முடிச்சு மூன்றும் விழுந்தபின் எழுந்து பொண்ணின் அம்மாவைத் தேடுங்கள். அவர் பெரும்பாலும் மணவறையை ஒட்டி, எல்லோருக்கும் பின்னால், சேலைத் தலைப்போடு நின்றுகொண்டிருப்பார்.