மைக்ரோசாப்ட் கடையா, ஓப்பன் விஎஸ்எக்ஸா? எடிட்டர் நீட்சிகளை எங்கிருந்து எடுப்பது

நிரல் எழுதும் எடிட்டரான மைக்ரோசாப்டின் விஎஸ் கோடிலிருந்து, அதன் நிரலை எடுத்து மற்றவர்கள் உருவாக்கிய கர்சருக்கோ விஎஸ்கோடியத்துக்கோ மாறுகிறவர்கள் எடிட்டர் மாறியதை மட்டும்தான் கவனிக்கிறார்கள். பார்க்க எல்லாம் பழையபடியே இருக்கும். அதே ஷார்ட்கட், அதே வண்ணம், கூடுதல் வசதி தரும் நீட்சிகளை (எக்ஸ்டென்ஷன்) தேடும் அதே பெட்டி. ஆனால் அந்தப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் கடை வேறு. முன்பு மைக்ரோசாப்டின் விஷுவல் ஸ்டுடியோ மார்க்கெட்பிளேஸ், இப்போது எக்லிப்ஸ் அறக்கட்டளை நடத்தும் ஓப்பன் விஎஸ்எக்ஸ். கடை மாறினால் இரண்டு விஷயங்கள் கூடவே மாறுகின்றன: நீட்சிக்குள் திருட்டு நிரல் ஒளிந்து வரும் வாய்ப்பு ஒன்று, அந்த நீட்சியைப் பயன்படுத்த நமக்குள்ள உரிமை இன்னொன்று. முதலாவதில் மைக்ரோசாப்ட் கடை மேல், இரண்டாவதில் ஓப்பன் விஎஸ்எக்ஸ் மேல். இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்காமல் "எது நல்லது" என்று கேட்டால் தவறான பதில்தான் கிடைக்கும்.

முதலில் இரண்டுக்கும் பொதுவான குறை. விஎஸ் கோடிலும் அதன் ஃபோர்க்குகளிலும், அதாவது அதன் நிரலிலிருந்து கிளைத்த கர்சர் போன்றவற்றிலும், நீட்சிகளுக்கென்று வேலி கிடையாது. நீட்சி ஓடுவது நோட்.ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் இயக்கியின் ஒரு புராசஸில். எடிட்டருக்கு என்ன அதிகாரமோ அது முழுவதும் நீட்சிக்கும் உண்டு. பிற கணினிகளுக்குள் நுழைய நீங்கள் வைத்திருக்கும் எஸ்எஸ்ஹெச் சாவியைப் படிக்கலாம், கடவுச்சொல் வைத்திருக்கும் சூழல் கோப்பைத் திறக்கலாம், எதையும் இணையத்தில் எங்கும் அனுப்பலாம். போனில் கேட்பதுபோல "கேமராவை அனுமதிக்கவா" என்று யாரும் கேட்கமாட்டார்கள். 2021இல் வந்த வொர்க்ஸ்பேஸ் டிரஸ்ட் இதற்குக் காவல் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது நாம் திறக்கும் அறிமுகமில்லாத ஃபோல்டரிலிருந்து நம்மைக் காப்பதற்கானது. நாமே நிறுவிய கெட்ட நீட்சியை அது தடுக்காது.

திருட்டு நிரல்: யார் கடையில் காவல் அதிகம்?

மைக்ரோசாப்ட் கடையில் ஒவ்வொரு பொதியும் வைரஸ் சோதனைக்குப் போகிறது, கடையின் கையொப்பம் இடப்படுகிறது, எடிட்டர் அதைச் சரிபார்த்துத்தான் நிறுவுகிறது. கெட்டது என்று தெரிந்தால் கடையிலிருந்து நீக்குவதோடு, ஏற்கெனவே நிறுவியவர்களின் கணினியிலிருந்தும் எடுத்துவிடுவார்கள். இந்தக் கை சில நேரம் அளவுக்கு மீறியும் நீளும். 2025 பிப்ரவரியில் சுமார் 90 லட்சம் முறை நிறுவப்பட்டிருந்த மெட்டீரியல் தீம் நீட்சிகளை நீக்கினார்கள். அடுத்த மாதமே தவறு என்று ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுத் திரும்பச் சேர்த்தார்கள். சந்தேகம் எழக் காரணங்களில் ஒன்று, படிக்க முடியாதபடி குழப்பி எழுதப்பட்டிருந்த நிரல்.

அந்தக் காவலையும் தாண்டி வருகிறார்கள். 2023 ஜனவரியில் அக்வா செக்யூரிட்டி ஆய்வாளர்கள், நிரலை ஒழுங்காக அடுக்கித் தரும் பிரிட்டியர் நீட்சிபோலவே பெயரும் படமும் வைத்து ஒரு போலியைச் சோதனைக்காக ஏற்றினார்கள். இரண்டு நாளுக்குள் ஆயிரம் பேருக்கு மேல் நிறுவினார்கள். நீல டிக் இருந்தால் நம்பலாமே என்றால், அந்த டிக் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: வெளியிட்டவரிடம் ஒரு இணைய முகவரி சொந்தமாக இருக்கிறது. நிரலை யாரோ படித்துப் பார்த்தார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. பெரிய நிறுவனத்தின் பெயரும் முழுக் காப்பு அல்ல. 2025 ஜூலையில், நிரல் எழுத உதவும் அமேசான் கியூ நீட்சியின் 1.84.0 பதிப்பில், கணினியையும் கிளவுட் கணக்கையும் துடைத்துவிடும்படி செயற்கை நுண்ணறிவுக்கு ஆணையிடும் வாசகத்தை ஒருவர் நுழைத்துவிட்டார். அது அதிகாரபூர்வ வெளியீடாகவே கடைக்கு வந்தது. நிரலின் இலக்கணப் பிழையால் (சின்டாக்ஸ் எரர்) அது ஓடவில்லை என்று அமேசான் சொன்னது. காப்பாற்றியது காவல் அல்ல, அந்தப் பிழை.

ஓப்பன் விஎஸ்எக்ஸ் பக்கம் வந்தால் கவலை கூடுகிறது. 2025 அந்தக் கடைக்கு மோசமான ஆண்டு. ஜூனில் கோய் செக்யூரிட்டி என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஓட்டை, நீட்சிகளைத் தானாக ஏற்றும் ஏற்பாட்டில் இருந்தது. அதற்குள் நுழைந்தவர் கடையிலுள்ள எந்த நீட்சியையும் மாற்றி எழுதியிருக்கலாம். நல்லவேளை, அடைத்த பிறகுதான் வெளியே சொன்னார்கள். அதே காலத்தில் கர்சர் பயன்படுத்திய ஒரு ரஷ்ய பிளாக்செயின் நிரலாளர், சாலிடிட்டி மொழிக்கான போலி நீட்சியை நிறுவி ஏறத்தாழ 5 லட்சம் டாலர் மதிப்பிலான கிரிப்டோவை இழந்தார். காஸ்பர்ஸ்கி ஆராய்ந்தபோது தெரிந்தது என்னை மிகவும் உறுத்தியது. தேடலில் போலி நான்காவது இடத்தில் வந்திருக்கிறது, அசல் எட்டாவது இடத்தில். அண்மையில் புதுப்பித்தது எது என்பதையும் தேடல் கணக்கில் எடுத்ததால் போலி மேலே ஏறிவிட்டது. அந்த மனிதர் அலட்சியமாக இருந்தார் என்று சொல்லவே முடியாது. நாமும் மேலே தெரிவதைத்தானே சொடுக்குவோம்?

அப்புறம் அக்டோபரில் கிளாஸ்வார்ம் என்ற திருட்டு நிரல். கண்ணுக்குத் தெரியாத யூனிகோடு எழுத்துகளில் நிரலை ஒளித்திருந்தார்கள். எடிட்டரில் திறந்தால் அந்த இடம் வெற்று வரிபோலத் தெரியும். அது கிட்ஹப், என்பிஎம், ஓப்பன் விஎஸ்எக்ஸ் டோக்கன்களை (கடவுச்சொல்லுக்குப் பதிலான அனுமதிச் சாவிகளை) திருடி, அவற்றைக் கொண்டு மேலும் நீட்சிகளைக் கெடுக்கும். அதன் பிறகு, டோக்கன்களின் ஆயுளைக் குறைப்பது, வெளியிடும் நேரத்திலேயே சோதிப்பது என்று எக்லிப்ஸ் அறக்கட்டளை அறிவித்தது. நல்ல திசைதான். ஆனால் மைக்ரோசாப்ட் அளவுக்கு ஆளும் பணமும் அங்கே இல்லை. அதே மாதம் விஸ் நிறுவனம் இரண்டு கடைகளிலும் சேர்த்து 500க்கும் மேற்பட்ட நீட்சிகளில் 550க்கும் மேற்பட்ட ரகசியச் சாவிகள் கவனக்குறைவாகப் பொதிக்குள் கிடந்ததைக் காட்டியது. ஆக, திருடன் பூட்டை உடைக்கவே தேவையில்லாத வீடுகள் இரு தெருவிலும் உண்டு.

கடை மாறுவதால் மட்டுமே பிறக்கும் ஓர் ஆபத்தும் இருக்கிறது. சில ஃபோர்க்குகள் விஎஸ் கோடின் பரிந்துரைப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டன. அந்தப் பெயர்களில் சில ஓப்பன் விஎஸ்எக்ஸில் யாராலும் பதிவு செய்யப்படாமல் காலியாக இருந்தன. யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் கடை திறக்கலாம், எடிட்டரே அதை நமக்குப் பரிந்துரைக்கும். ஒரே பெயர் என்பதற்காக இரு கடையிலும் ஒரே ஆள் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உரிமம்: இங்கே கதை தலைகீழ்

விஎஸ் கோடின் மூல நிரல் எம்ஐடி என்ற தாராளமான திறமூல உரிமத்தில் இருக்கிறது. நாம் தரவிறக்கும் விஎஸ் கோட் அப்படி இல்லை, அதற்கு மைக்ரோசாப்டின் தனி உரிமம். மார்க்கெட்பிளேஸின் விதிமுறைகளோ, அங்குள்ளவற்றை விஷுவல் ஸ்டுடியோ குடும்பத்துப் பொருட்களோடு மட்டுமே பயன்படுத்த அனுமதிக்கின்றன. விஎஸ்கோடியத்தில் கடை முகவரியை மாற்றி மைக்ரோசாப்ட் நீட்சிகளை இறக்கிக்கொள்ளலாம் என்று சொல்லும் குறிப்புகள் ஏராளம். வேலை செய்யும், சரி. ஆனால் விதிமுறைக்கு மாறானது. வீட்டில் செய்பவர் அதைத் தன் பொறுப்பில் முடிவு செய்யட்டும். ஒரு நிறுவனக் கணினியில் செய்தால் பொறுப்பு நிறுவனத்தின் தலையில் விழும்.

இது வெறும் காகித விதி என்று நினைத்தவர்களுக்கு 2025 ஏப்ரலில் பதில் கிடைத்தது. மைக்ரோசாப்டின் சி/சி++ நீட்சி கர்சர் போன்ற ஃபோர்க்குகளில் திடீரென்று ஓட மறுத்தது. எங்கள் குழுவிலும் ஒருவர் அன்று காலை முழுவதும் தன் கணினியில்தான் கோளாறு என்று தேடிக்கொண்டிருந்தார். கோளாறு எதுவுமில்லை, உரிமத்தில் முதலிலிருந்தே இருந்த வரியை நீட்சி நடைமுறைப்படுத்தத் தொடங்கியிருந்தது, அவ்வளவுதான்.

இந்த நீட்சி உரிமம் பார்க்கும் விதத்துக்கு நல்ல பாடம். கிட்ஹப்பில் அதன் மூல நிரல் எம்ஐடி. கடையிலிருந்து இறங்கும் பொதிக்கு வேறு உரிமம். சி# நீட்சியிலும் இதே கதை. மேலே திறமூலம், ஆனால் உள்ளே வரும் டீபக்கரை (பிழை தேடும் கருவி) விஷுவல் ஸ்டுடியோ, விஎஸ் கோட் இரண்டில் மட்டுமே பயன்படுத்தலாம். சி# டெவ் கிட் இன்னும் ஒரு படி மேல். தனி ஆளுக்கு இலவசம், பெரிய நிறுவனத்துக்கு விஷுவல் ஸ்டுடியோ சந்தா வேண்டும். "இலவசமாகத்தானே நிறுவ முடிந்தது" என்பது அங்கே பதிலாகாது. ஆகவே கிட்ஹப் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீட்சி வரும் விஎஸ்ஐஎக்ஸ் கோப்பு வெறும் ஜிப்தான், பிரித்து உள்ளே இருக்கும் உரிமக் கோப்பைப் படியுங்கள். உரிமக் கோப்பே இல்லையென்றால் எல்லா உரிமையும் எழுதியவருக்கே என்று பொருள்.

இந்த வகையில் ஓப்பன் விஎஸ்எக்ஸ் நிம்மதி. எந்த எடிட்டரோடு பயன்படுத்துகிறீர்கள் என்று கடை கேட்பதில்லை. மைக்ரோசாப்டின் பைத்தான் நீட்சியான பைலான்ஸ் அங்கே இல்லை, ஆனால் எம்ஐடி உரிமத்தில் உள்ள பைரைட்டும் அதிலிருந்து கிளைத்த பேஸ்டுபைரைட்டும் இருக்கின்றன. சி++க்கு கிளாங்டி இருக்கிறது, என் அனுபவத்தில் பெரிய திட்டங்களில் மைக்ரோசாப்டினுடையதைவிட வேகமாகவே இருக்கிறது. ஒரு வீண் பயத்தையும் இங்கே நீக்கிவிடுகிறேன்: தன் நிரலைச் சேர்த்து வெளியிடுவதும் அதே உரிமத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கும் ஜிபிஎல் உரிமமுள்ள நீட்சியைக் கொண்டு நிரல் எழுதினால் உங்கள் நிரல் ஜிபிஎல் ஆகிவிடாது. அந்த நீட்சியின் நிரலை உங்கள் பொருளுக்குள் சேர்த்து வெளியிட்டால்தான் அந்தக் கேள்வியே வரும்.

மூன்றாவதாக ஸெட் எடிட்டரையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். அதன் நீட்சிகள் வெப்அசெம்பிளி வேலிக்குள் ஓடுகின்றன. கடையில் சேர ஏற்கப்பட்ட திறமூல உரிமங்களில் ஒன்று கட்டாயம். இரண்டு ஆபத்துக்கும் ஒரே நேரத்தில் விடை தேடிய வடிவமைப்பு என்பதால் எனக்கு இது பிடிக்கிறது. ஆனால் நீட்சி இறக்கித் தரும் லாங்வேஜ் சர்வர் (நிரலைப் படித்துப் பிழையும் பரிந்துரையும் காட்டும் துணை நிரல்) வேலிக்கு வெளியே சாதாரண நிரலாகத்தான் ஓடும். நீட்சிகளின் எண்ணிக்கையும் குறைவு.

என் தேர்வு இதுதான். சி# அல்லது, வேறிடத்துக் கணினியில் வேலை செய்ய உதவும் மைக்ரோசாப்டின் ரிமோட் எஸ்எஸ்ஹெச் நீட்சி சார்ந்து வேலை செய்யும் குழு, விஎஸ் கோடையும் அதன் கடையையும் நேராகப் பயன்படுத்தட்டும். அனுமதித்த நீட்சிகளின் பட்டியலை நிர்வாகமே வகுக்கும் வசதியும் அதில் இருக்கிறது. பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், கோ, ரஸ்ட் எழுதுபவர் விஎஸ்கோடியத்தோடு ஓப்பன் விஎஸ்எக்ஸை எடுக்கலாம். ஆனால் கடைக்குள் தேடாமல், அந்தத் திட்டத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள இணைப்பு வழியே போய் நிறுவ வேண்டும், தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்த வேண்டும், புதிய பதிப்பு வந்தால் ஒரு வாரம் பொறுத்து ஏற்ற வேண்டும். பாதுகாப்புத் திருத்தமும் ஒரு வாரம் தாமதமாகும் என்பது உண்மை. கிளாஸ்வார்ம் பரவியதே தானியங்கிப் புதுப்பிப்பு வழியாக என்பதால் நான் அந்தத் தாமதத்தை ஏற்கிறேன். கிரிப்டோ பணப்பை இருக்கும் கணினியில் மட்டும் இரு கடையிலிருந்தும் எதையும் நிறுவமாட்டேன்.