நண்பரின் நாயைப் பார்த்துக்கொள்பவர்கள் வாங்க வேண்டிய பட்டை எது?

ஊருக்குப் போகிற நண்பர் நாயை ஒப்படைக்கும்போது சொல்லிவிட்டுப் போவது பெரும்பாலும் ஒன்றுதான்: "அவன் எங்கயும் ஓட மாட்டான், அவுத்தே விடுங்க." அவர் வீட்டில் ஓடாமல் இருந்திருக்கலாம். உங்கள் வீடு அதற்கு வீடில்லை. பால்காரருக்குக் கேட்டைத் திறந்தால் அந்த இடைவெளி போதும், தன் வீட்டைத் தேடிக் கிளம்பிவிடும். சபரிமலை சீசன், தீபாவளி, பொங்கல் என்று டெல்டாவில் நாய்கள் கைமாறும் காலம்தான் வெடிச் சத்தமும் மேளச் சத்தமும் கூடும் காலம்.

கேட்டுக்கு ஒரு தாழ்ப்பாளும் பூட்டும் போதும். கழுத்தில் என்ன இருக்கிறது என்பதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி கடைகளில் தொங்கும் சரக்கில் அடுத்தவர் நாய்க்கு ஏற்றது மார்ட்டிங்கேல் பட்டையும் (இழுத்தால் ஓரளவு மட்டும் சுருங்கும் கழுத்துப்பட்டை), உடம்பைச் சுற்றி மாட்டும் மூன்று வார் வைத்த ஹார்னஸும், கையில் பிடிக்கும் 2 மீட்டர் தட்டை வாரும் சேர்ந்த ஜோடிப்புதான். மற்றவை எங்கே ஏமாற்றுகின்றன என்று தெரிந்தால் இந்தத் தேர்வின் காரணம் புரியும்.

எல்லாரும் முதலில் எடுப்பது பக்கிள் வைத்த சாதாரண நைலான் பெல்ட். பழகிய நாய்க்கு அதில் குறையில்லை. மிரண்ட நாய் முன்னால் இழுப்பதில்லை. உங்களைப் பார்த்து நின்று, தலையைத் தாழ்த்திப் பின்னால் இழுக்கும். பெல்ட் காதைத் தாண்டி வழுக்கி உங்கள் கையில் தொங்கும். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் நாய்களுக்கு இது இன்னும் சுலபம். அவற்றின் மண்டை ஒடுக்கம். கழுத்து மண்டைக்குச் சமமாகவோ அதைவிடத் தடிப்பாகவோ இருக்கும். இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு இறுக்கியிருந்தாலும் கழன்றுவிடும். பொமரேனியனுக்கு வேறு சிக்கல்: முடியின் மேல் அளவெடுத்தால் உள்ளே ஒரு அங்குலம் தொளதொளப்பு. முடியை விலக்கித் தோலோடு டேப் வைத்து அளக்க வேண்டும்.

இரும்புச் செயினுக்கு உள்ள ஒரே நல்ல குணம், நாயால் கடித்து அறுக்க முடியாது என்பது. நாய் திமிறும்போது கையைக் கிழிக்கும், சித்திரை வெயிலில் சுடும், கனம் முழுக்கக் கழுத்தில் விழும். செயின் போட்டுக் கொல்லைப்பக்கம் கட்டிவைப்பவர்கள் மதில் சுவரைக் கவனிப்பதில்லை. சுவருக்குப் பக்கத்தில் கட்டிய நாய் சுவரைத் தாண்டிக் குதித்தால் அந்தப் பக்கம் கால் தரையில் எட்டாமல் தூக்குப் போட்டதுபோல் தொங்கிவிடும். கட்டியே தீர வேண்டுமென்றால், வாரை முழுசாக இழுத்தாலும் நாய் சுவரைத் தொட முடியாத தூரத்தில், ஆள் பார்வையில் மட்டும்.

பட்டனை அழுத்தினால் சுருண்டுகொள்ளும் ரீல் வாரை வாங்கவே வேண்டாம். 5 மீட்டர் கயிறு என்றால் நாய்க்கு 5 மீட்டர் ஓட்டம். வேகம் பிடித்த பிறகுதான் கயிறு நிற்கும், அந்த வெட்டு நேரே கழுத்தில் இறங்கும். கயிறு மெல்லிசு. காலைச் சுற்றி இழுபட்டால் முழங்காலுக்குப் பின்னால் தோலை அறுத்துவிடும். கைப்பிடி நழுவி விழுந்தால் கதை முடிந்தது: பிளாஸ்டிக் பெட்டி தடதடவென்று பின்னாலேயே வர, ஏதோ துரத்துகிறது என்று நாய் இன்னும் வேகமாக ஓடும். கும்பகோணத்துச் சந்துகளில் இரண்டு பக்கமும் பைக் வரும் இடத்தில் இதை நீட்டிப் பிடித்துப் போகிறவர்களைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

மார்ட்டிங்கேல் பட்டை கிரேஹவுண்ட் மாதிரி ஒடுங்கிய தலை நாய்களுக்காகவே புழக்கத்துக்கு வந்தது; நம்மூர் வேட்டை நாய்களுக்கு அப்படியே பொருந்தும். இரண்டு வளையம் இருக்கும். பெரியது கழுத்தைச் சுற்றும். சின்னது பெரிய வளையத்தின் இரு முனை இரும்பு வளையங்கள் வழியாக ஓடும், அதில்தான் வாரை மாட்டுவது. இழுக்கும்போது சின்ன வளையம் பெரியதைச் சுருக்கும், ஓரளவுக்கு மேல் சுருங்காது. கழுத்தை நெரித்துக்கொண்டே போகும் சோக் செயினுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

அந்த 'ஓரளவு' தானாக வராது, நாம் வைக்க வேண்டும். பட்டையைக் காதுக்குப் பின்னால், கழுத்தின் மேல்பகுதியில் ஏற்றி, வாரை இழுத்துப் பிடியுங்கள். இரண்டு இரும்பு வளையங்களுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி நிற்க வேண்டும். வளையங்கள் ஒட்டிக்கொண்டால் பட்டை பெரிது, பயனில்லை. நாலு விரல் நின்றால் சிறிது, தளர்த்துங்கள். நீளக் கழுத்து நாய்க்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குல அகலம் எடுங்கள். அரை அங்குலப் பட்டை கழுத்தில் பதியும்.

இதில் பலவீனமான இடம், அளவு வைக்கும் ஸ்லைடர். பிளாஸ்டிக் ஸ்லைடர், அதிலும் மெல்லிய வழவழப்பான நைலானில், ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு நூல் நகரும். இரண்டு நாளில் அளவு மாறியிருப்பது கண்ணுக்குத் தெரியாது. சரியான அளவு கிடைத்ததும் ஸ்லைடர் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு நகர்ந்திருந்தால் திரும்ப வையுங்கள். இரும்பு ஸ்லைடர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். சில மாடல்களில் கிளிக் பக்கிளும் உண்டு. மாட்டச் சௌகரியம், ஆனால் பலமான நாய்க்குத் தலைவழியாக மாட்டும் மாடலே மேல்.

இரண்டு எச்சரிக்கை. வீட்டில் ஆளில்லாதபோது மார்ட்டிங்கேல் கழுத்தில் இருக்கக் கூடாது. சின்ன வளையம் ஜன்னல் கிரில்லிலோ கட்டில் காலிலோ மாட்டினால் சுருக்கு விழும். ரீல் வாரோடு இதைச் சேர்க்கவே கூடாது. ரீலின் ஸ்பிரிங் எந்நேரமும் இழுப்பதால் பட்டை சுருங்கிய நிலையிலேயே நிற்கும்.

ஹார்னஸில் மார்புப் பக்கம் 'Y' வடிவில் இறங்குவதை எடுங்கள். தோள்மேல் குறுக்கே ஓடும் மாடல் முன்னங்கால் வீச்சைத் தடுக்கும். நெஞ்சு வாரும் வயிற்று வாரும் மட்டும் உள்ளதிலிருந்து ஆழ்ந்த மார்பும் ஒடுங்கிய இடுப்பும் உள்ள நாய் பின்னால் போய் நழுவிவிடும். விலாவைத் தாண்டி இடுப்பின் ஒடுக்கத்தில் மூன்றாவது வார் உள்ளதை வாங்கினால் இது நடக்காது. முன்வார் அக்குளிலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளி விழ வேண்டும்; ஒட்டிக் கிடந்தால் உரசி உரசிப் புண்ணாகும். ஐப்பசி மழையில் ஈர ஹார்னஸை இரவு முழுக்கப் போட்டுவைத்தால் அந்தப் புண் சீழ் பிடிக்கும். வெஸ்ட் மாதிரி உடம்பை மூடுவது கோடைக்கு ஆகாது.

முதுகில் கைப்பிடி உள்ள மாடலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் ஜனவரி வரை இங்கே வாய்க்காலில் தண்ணீர். தஞ்சாவூர்ப் புது ஆறு மாதிரி சிமென்ட் பூசிய சரிவுக் கரையில் நாய் இறங்கிவிடும், ஏற முடியாது; நகம் வழுக்கும். கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் மூச்சு அடைக்கும். முதுகுக் கைப்பிடி இருந்தால் படித்துறைக்கு நடத்திவந்து தூக்கிவிடலாம். மதகுப் பக்கம் நாயை அவிழ்த்துவிடுவதே கூடாது.

வார் ஒன்றரை முதல் 2 மீட்டர், தட்டை நைலான். பெரிய நாய்க்கு 20–25 மி.மீ. அகலம், சின்னதற்கு 15. பருத்திக் கயிறு கைக்கு இதம், நனைந்தால் காயவே காயாது. கைப்பிடி வளையத்துக்குள் கையை விட்டுப் பிடியுங்கள். உள்ளங்கையில் சுற்றிக்கொண்டால் விரல் முறியும். தோப்பில் விட 10 மீட்டர் வார் வாங்கினால் ஹார்னஸில் மட்டும் மாட்டுங்கள்.

வாரின் கொக்கியை ஹார்னஸில் மாட்டி, ஒரு சாண் நீளக் குட்டி வாரால் ஹார்னஸ் வளையத்தையும் மார்ட்டிங்கேல் வளையத்தையும் இணையுங்கள். ஒன்று கழன்றால் மற்றது பிடிக்கும். சாதாரண நடையில் குட்டி வார் தொய்ந்தே இருக்க வேண்டும்.

கொக்கியைக் கடையிலேயே சோதியுங்கள். கட்டைவிரலால் திறந்து விட்டால் 'டக்'கென்று முழுசாக மூட வேண்டும். பித்தளையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் உழைக்கும். பளபளவென்று முலாம் பூசியது நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடிப் பக்கம் உப்புக்காற்றில் ஸ்பிரிங் இறுகிப் பாதி திறந்தபடி நிற்கும்; மாட்டியதுபோலவே தெரியும். கடற்கரைக்குப் போய்வந்தால் நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்ததும் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். 'D' வளையத்தின் மூட்டையும் பாருங்கள். பற்றவைத்திருக்க வேண்டும். வெறுமனே கம்பியை வளைத்ததென்றால் லேப்ரடார் நாயின் ஒரு இழுப்பில் வாய் பிளக்கும்.

பெயர்த் தகட்டில் பொதுவாக உரிமையாளர் நம்பர்தான் இருக்கும். அவரோ பம்பையில் சிக்னல் இல்லாமல் நிற்பார். உங்கள் நம்பரை பட்டையின் வெளிப்பக்கம் அழியாத மார்க்கரில் எழுதுங்கள். சின்னச் செலவு, இந்தப் பட்டியலிலேயே அதிகம் பலன் தருவது இதுதான். தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப், ஸ்கேனர் உள்ள மருத்துவமனையில்தான் பேசும்; நாய் எங்கே இருக்கிறது என்று சொல்லாது.

ஏர்டேக் என்பது இருப்பிடம் காட்டும் ஆப்பிளின் சின்னப் புளூடூத் கருவி. பக்கத்தில் யாராவது ஐபோனோடு கடந்து போனால்தான் இருப்பிடம் வரும். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் வேலை செய்யும். நீடாமங்கலம் பக்கம் வயல் நடுவே மணிக்கணக்காகப் பழைய இடத்தையே காட்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: உரிமையாளரின் போனைப் பிரிந்து 8 முதல் 24 மணி நேரம் ஆனபின் ஏர்டேக் நகர்ந்தால் தானாகக் கூவும். கழுத்திலிருந்து வரும் அந்தச் சத்தத்தில் நாய் மிரளும். உங்களிடம் ஐபோன் இருந்தால் அவர் கிளம்புமுன் டேகை உங்களோடு பகிரச் சொல்லுங்கள். ஐஓஎஸ் 17 முதல் அந்த வசதி உண்டு. சிம் போட்ட ஜிபிஎஸ் டிராக்கர் வயலுக்கு நல்லது, சிக்னலும் சார்ஜும் இருக்கும்வரை.

இவ்வளவும் மீறி ஓடிவிட்டால் துரத்தாதீர்கள். உட்காருங்கள், பக்கவாட்டில் திரும்புங்கள், தின்பண்டப் பொட்டலத்தைச் சலசலக்க வையுங்கள். நண்பருக்கு உடனே போன் போடுங்கள். தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று தள்ளிப்போடும் அந்த ஒரு மணி நேரம்தான் வீணாவது. அவர் குரல் ஸ்பீக்கரில் வந்தாலே சில நாய்கள் நின்றுவிடும். அவர் போட்டுக் கழற்றிய சட்டையையும் நாயின் படுக்கையையும் ஓடிய இடத்தில் வையுங்கள். கிடைத்ததும் பட்டையைக் கையால் எட்டிப் பிடிப்பதில்தான் கடி விழும். சுருக்கு வாரைத் தலைவழியாகப் போடுங்கள். கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம். ஊசி போட்ட நாய்தான் என்று நண்பர் சொன்னாலும் போக வேண்டும்.

வாங்கப் போகும்போது கழுத்தின் மேல்பகுதி, தலையின் அகலமான இடம், மார்பின் ஆழமான இடம் மூன்றையும் சென்டிமீட்டரில் எழுதிக்கொண்டு போங்கள். 'மீடியம்' என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. நாயைக் கூட்டிக்கொண்டு போய் மாட்டிப் பார்க்க விடும் கடை இருந்தால் பத்து இருபது கூடக் கொடுத்தும் அங்கேயே வாங்கலாம். ஆனால் நண்பர் கிளம்புவதற்கு முன்னால் போங்கள், அவர் கூட இருக்கும்போதே ஒரு தெரு நடத்திப் பாருங்கள். அவர் பழைய பெல்ட்டைக் கழற்றி எடுத்துப்போகாமல் அங்கேயே வைத்துவிட்டுப் போகட்டும்.