கௌபாய் ஆக்‌ஷன் ஷூட்டிங்: பல சீசன்களுக்குப் பிறகு எது தேறுகிறது, எது தேறவில்லை

கௌபாய் காலத்துத் துப்பாக்கிகளால் நேரத்துக்கு எதிராகச் சுடும் இந்தப் போட்டியில், ஒரு ஸ்டேஜுக்கு (ஒரு சுற்றுக்கு) நான்கு துப்பாக்கிகள். இரண்டு சிங்கிள் ஆக்‌ஷன் (ஒவ்வொரு வெடிக்கும் ஹேமரைக் கையால் இழுக்க வேண்டிய) ரிவால்வர்களில் ஐந்தைந்து தோட்டா, லீவர் ரைஃபிளில் பத்து, ஷாட்கனில் பெரும்பாலும் நான்கு. ஆக 24 வெடி, எல்லாம் இரும்புத் தகடுகள் மீது. டைமர் ஒலித்ததிலிருந்து கடைசி வெடி வரை ஆகும் நேரம்தான் மதிப்பெண். ரிவால்வரிலும் ரைஃபிளிலும் தவறிய ஒவ்வொரு குண்டுக்கும் 5 விநாடி கூடும். சொன்ன வரிசையை மாற்றிச் சுட்டால் 10 விநாடி. அமெரிக்காவின் சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி (சாஸ்) 1987-இல் தொடங்கியது. அதன் விதிகளின்படியே பெரும்பாலான க்ளப்கள் போட்டி நடத்துகின்றன. புனைபெயரும் பழைய மேற்கத்திய உடையும் கட்டாயம் என்பதால் வேடப்போட்டி என்று நினைத்து வருபவர்கள் உண்டு. முதல் ஸ்டேஜ் முடிவதற்குள் அந்த எண்ணம் போய்விடும்.

புதியவர்கள் பணத்தைத் தவறான இடத்தில் கொட்டுகிறார்கள். ரைஃபிளின் லீவர் நகரும் தூரத்தைக் குறைக்கும் ஷார்ட் ஸ்ட்ரோக் கிட்டை முதல் மாதமே மாட்டுகிறார்கள். கணக்கைப் பாருங்கள்: ஒரு மிஸ்ஸை ஈடுகட்ட, பத்து ரிவால்வர் வெடிகளில் ஒவ்வொன்றையும் அரை விநாடி வேகமாகச் சுட வேண்டும். எந்தக் கிட்டும் அதைத் தராது. ரிவால்வர் இலக்குகள் பெரும்பாலும் 7 முதல் 10 கஜத்தில்தான் நிற்கும், அளவும் பெரிது. அவ்வளவு கிட்டத்தில் குறி தப்பக் காரணம் சைட் அல்ல. ஹேமர் விழுவதற்கு முன்பே கண் அடுத்த தகட்டுக்குத் தாவிவிடுவதுதான். முதல் ஆறு மாதத்துக்கு இலக்கு ஒன்றே ஒன்று: மிஸ் இல்லாமல் ஒரு போட்டியை முடிப்பது. வேகம் தானாகப் பின்தொடரும்.

ரிவால்வரில் ரூகர் நியூ வக்கேரோவையே முதலில் சொல்வோம். 2005-இல் வந்தது. பழைய வக்கேரோவில் லோடிங் கேட்டை (தோட்டா போடும் வாசல் மூடியை) திறந்து சிலிண்டரைச் சுழற்றினால், கிளிக் சத்தம் கேட்கும்போது தோட்டா அறை வாசலுக்கு நேராக நிற்காது. புதியதில் நிற்கும். லோடிங் டேபிளில் பதற்றத்தோடு இருக்கும்போது இந்த ஒரு வித்தியாசமே பெரிது. கோல்ட் 1873 பாணி நகல்கள் கைக்கு அழகாக உட்காரும். அவற்றில் ஹேமரை ஹாஃப் காக்கில் (பாதி இழுத்த நிலையில்) வைத்துத்தான் தோட்டா போட வேண்டும். போட்டு முடித்ததும் அங்கிருந்தே ஹேமரை இறக்காதீர்கள். முழுவதும் பின்னுக்கு இழுத்த பிறகே இறக்க வேண்டும். இல்லாவிட்டால் சிலிண்டரைப் பூட்டும் போல்ட் அதில் வட்டமாகக் கோடு போட்டுவிடும்.

ஐந்து தோட்டா போடும் முறை: ஒன்று போடு, ஒன்றைத் தாண்டு, நான்கு போடு, ஹேமரை முழுக்க இழுத்து மெதுவாக இறக்கு. ஹேமர் காலி அறை மேல் அமரும். ரூகரின் டிரான்ஸ்ஃபர் பார் (டிரிகரை இழுத்தால் மட்டுமே ஹேமரின் அடியைக் கடத்தும் பாகம்) எவ்வளவு பாதுகாப்பானதாக இருந்தாலும் இந்த விதிக்கு விலக்கு இல்லை.

ரைஃபிளில் உபெர்ட்டியின் வின்செஸ்டர் 1873 நகல்தான் களம் முழுக்க. லீவர் அவ்வளவு மென்மையாக ஓடும். விலை அதிகம். மார்லின் 1894 அதைவிட உறுதியானது, தோட்டா நீளத்தில் கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் கோபித்துக்கொள்ளாது. வின்செஸ்டர் 1873-இன் கேரியர் பிளாக் தோட்டாவை நேராக மேலே தூக்கும். தோட்டா நீளம் கூடினால் கேரியர் ஏறாது, துப்பாக்கி பூட்டிக்கொள்ளும். மிகவும் குட்டையாக இருந்தால் மேகஸினில் நிற்கும் அடுத்த தோட்டாவின் விளிம்பு உள்ளே எட்டிப்பார்த்து அதே வேலையைச் செய்யும். வீட்டில் தோட்டா நிரப்புபவர்கள் ஒரே குண்டு, ஒரே நீளம் என்று நின்றுவிட்டால் பாதித் தொல்லை தீரும். குண்டின் முனை தட்டையாக இருக்கட்டும். குழாய் மேகஸினில் ஒன்றன் பிரைமர் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் அடிப்பக்கப் பொத்தான்) மேல் மற்றொன்றின் மூக்கு அழுந்திக்கொண்டிருக்கும், கூர்முனை என்றால் வெடித்துவிடலாம்.

பிரைமர் சற்று மேலே துருத்தினால் ரிவால்வரில் சிலிண்டர் உரசி நிற்கும், லீவர் ரைஃபிளில் அதைவிட ஆபத்து. நிரப்பிய ஒவ்வொன்றின் அடியையும் விரலால் தடவிப் பாருங்கள். கிரிம்ப் (குண்டை இறுக்கிப் பிடிக்கும் விளிம்பு மடிப்பு) தளர்ந்தால் அதிர்ச்சியில் குண்டு முன்னால் நகர்ந்து சிலிண்டரை மறிக்கும். ஹேமர் ஸ்பிரிங்குகளைத் தளர்த்தியவர்களுக்கு ஃபெடரல் நிறுவனத்தின் பிரைமர் ஒத்துப்போகும், மென்மையானது. குட்டையான .38 ஸ்பெஷல் தோட்டாவை அதைவிட நீளமான .357 அறையில் சுட்டால் அறைக்குள் கரி வளையம் படியும், பிரஷ் போட்டால் போகும். குண்டு ஈயமாகத்தான் இருக்க வேண்டும். வேகம் ரிவால்வரில் விநாடிக்கு 1000 அடியையும் ரைஃபிளில் 1400 அடியையும் தாண்டக் கூடாது. குறைந்தபட்சம் 400 அடி வேகமும் பவர் ஃபேக்டர் (கிரெயினில் குண்டின் எடையை வேகத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தது) 60-உம் வேண்டும். அதிர்வைக் குறைக்க மருந்தை மிகவும் இறக்கினால் குண்டு குழலிலேயே தங்கும். சத்தம் 'புஸ்' என்று வந்தால் அடுத்ததைச் சுடாதீர்கள். நிறுத்தி, துப்பாக்கியை மேலே முனை தூக்காமல் கீழே வையுங்கள்.

நேரம் உண்மையில் போவது ஷாட்கனில். இரட்டைக் குழல் வாங்குபவர்கள் தானியங்கி எஜெக்டர் (காலி ஷெல்லைத் தானே வெளியே தள்ளும் பாகம்) இல்லாததை வாங்க வேண்டும், விதி அப்படி. ஸ்டோகர் கோச் கன் போதும், ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தபடி ஓடாது. அறைகளின் வாய் விளிம்பை மழுங்கச் செய்து, உள்ளே பளபளப்பாக்கினால்தான் காலி ஷெல் ஒரே உதறலில் விழும். இரும்பு அடி வைத்த மலிவு ஷெல்கள் வெடித்ததும் விரிந்து பிடித்துக்கொள்ளும். அங்கே மிச்சம் பிடிக்கும் சில காசு களத்தில் பல விநாடிகளாகத் திரும்பி வரும். தொடக்கக்காரர் ஒருவர் நான்கு ஷெல்லுக்கு 15 விநாடி எடுப்பது சாதாரணம். பெல்ட்டிலிருந்து இரண்டு இரண்டாக உருவி ஒரே அசைவில் உள்ளே தள்ளப் பழகினால் அது பாதிக்கும் கீழே வரும். வேறு எந்தப் பயிற்சியும் இவ்வளவு திருப்பித் தருவதில்லை. நல்ல வேளையாக இதற்குத் தோட்டா செலவும் இல்லை. நிஜத் தோட்டா எதுவும் இல்லாத வீட்டு அறையில், ஸ்னாப் கேப் (பயிற்சிக்கான போலித் தோட்டா) வைத்து, தினம் 15 நிமிடம். ஒவ்வொரு முறையும் எடுக்கும் கை பெல்ட்டின் அதே இடத்துக்குப் போகட்டும்.

உறை விஷயத்தில் இரு இடுப்பிலும் நேரான உறைகளையே முதலில் போடுங்கள். கிராஸ் டிரா (எதிர்ப் பக்கக் கையால் குறுக்கே உருவும் உறை) பார்க்க நன்றாக இருக்கும். உருவும்போது உடலைத் திருப்பாவிட்டால் முனை பக்கவாட்டில் வீசி, இலக்குப் பக்கம் அனுமதிக்கப்பட்ட 170 டிகிரி எல்லையைத் தாண்டும், அந்த ஸ்டேஜ் போய்விடும். தோட்டா உள்ள துப்பாக்கியைக் கீழே தவறவிட்டால் போட்டியே போய்விடும். இந்த விதிகள் கடுமையாக இருப்பது மிகவும் சரி. பத்துப் பேர் பின்னால் நிற்கிறார்கள்.

வரிசையை மனப்பாடம் செய்வதற்கு இலக்குகளை எண்ணாதீர்கள், கை எங்கே போகும் என்பதைப் பழகுங்கள். ரைஃபிளை எங்கே வைக்கிறோம், அடுத்த கால் எங்கே, ஷாட்கன் எந்தக் கையில் வரும் என்று லோடிங் டேபிளில் நின்று மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். வைத்த நீளத் துப்பாக்கி திறந்தும் காலியாகவும் இருக்க வேண்டும். ரைஃபிளில் பத்தாவது வெடிக்குப் பின் லீவரை முழுக்கத் திறந்து வைக்கும் பழக்கம் வராதவரை வேகத்தைக் கூட்ட வேண்டாம். கிட்டுக்கான பணத்தை அதுவரை ஷெல்லுக்குச் செலவிடுங்கள்.