எஃப் 4 நியூட்டோனியனா, எஃப் 6 ரிஃப்ராக்டரா? சுங்கை சிப்புட்டில் இரண்டையும் வைத்துப் பார்த்தேன்

இரவு வானத்தைப் படமெடுக்க மூன்று வருடமாக என்னிடம் இருந்தது 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரிஃப்ராக்டர், அதாவது லென்ஸ் வைத்த தொலைநோக்கி. குவியத் தூரம் 480, அதை விட்டத்தால் வகுத்தால் 6, அதாவது எஃப் 6. இந்த பிப்ரவரியில் 150 மில்லிமீட்டர் நியூட்டோனியன், அதாவது ஆடி (கண்ணாடி) வைத்த தொலைநோக்கி, வாங்கினேன். குவியத் தூரம் 600, எஃப் 4. எஃப் எண் குறைந்தால் படம் சீக்கிரம் பதியும் என்பது பொதுக் கணக்கு. தொலைநோக்கியைத் தாங்கி நட்சத்திரங்களோடு திருப்பும் மவுண்ட், கேமரா இரண்டும் பழசுதான். சித்திரைப் புத்தாண்டு முடிந்த வாரம் உருப்படியான முதல் படம் கிடைத்தது. எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால் தயங்காமல் நியூட்டோனியன் என்பேன். அதற்குக் காரணம் மலேசியாவின் பேராக்கில் இருக்கும் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டின் வானம்.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். ரிஃப்ராக்டர் லேசு, மோட்டார் சைக்கிளிலேயே கொண்டுபோகலாம், ஈரம் புகாத டிரை கேபினட் அலமாரிக்குள் அடங்கிவிடும். நியூட்டோனியன் பருமன், பிரகாசமான நட்சத்திரங்களுக்கு நான்கு பக்கமும் கதிர் வைக்கும். அம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "என்னய்யா, ஒவ்வொண்ணும் வேல் மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது?" என்றார். எனக்கு அந்தக் கதிர்கள் பிடிக்கும். துருவ நட்சத்திரம் இங்கே 5 பாகை உயரத்தில்தான் நிற்கும், செம்பனை மறைத்துவிடும். அதைக் குறிவைக்க முடியாததால் மென்பொருளை வைத்துத்தான் மவுண்ட்டின் அச்சை நேராக்க வேண்டும். இந்தச் சிரமம் இரண்டுக்கும் பொது.

நேரம்தான் எனக்கு முடிவைச் சொன்னது. ஏப்ரலில் இங்கே சாயங்காலம் இடியும் மழையும் வழக்கம். எட்டரை வாக்கில் மேகம் கலையத் தொடங்கும், ஒன்பதரைக்கு வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். நள்ளிரவு தாண்டியதும் செம்பனை வரிசைகளுக்குள்ளிருந்து மூடுபனி கிளம்பிவிடும். ஆக, கையில் இருப்பது இரண்டரை மணி நேரம். நிலா இல்லாத வாரத்தில் இப்படி இரண்டு இரவு வாய்த்தாலே நான் சந்தோஷப்படுவேன். நாள் கணக்கில் மேகமே வராத ஊரில் இருப்பவர் எஃப் 6 வைத்துக்கொண்டு நிதானமாகப் பத்து மணி நேரம் சேர்க்கலாம். இங்கே அந்தப் பத்து மணி நேரத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

விட்டம் 80க்குப் பதில் 150 என்றால் ஒளியை வாங்கும் பரப்பில் மூன்றரை மடங்கு. நடுவில் நிற்கும் துணை ஆடியின் நிழலையும் இரண்டு ஆடிகளில் தொலையும் ஒளியையும் கழித்தால், ஒரே நெபுலாவிலிருந்து, அதாவது விண்வெளி வாயு மேகத்திலிருந்து, அள்ளும் ஒளி இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல். குவியத் தூரம் கூடியிருப்பதால் அந்த ஒளி அதிகப் பிக்சல்களில் பரவுகிறது. அப்படியும் ஒரு பிக்சலுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மிஞ்சுகிறது. எஃப் எண்ணை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் 2.25 மடங்கு வரும். அதை நம்பி வாங்கினால் ஏமாற்றமாக இருக்கும். ஒன்றரை மடங்கே எனக்குப் பெரிது. ஒரு மணி நேர வேலை 40 நிமிடத்தில் முடிகிறது, நெபுலாவும் பெரிதாகத் தெரிகிறது.

சோதித்தது கரீனா நெபுலாவில். ஏப்ரல் மூன்றாம் வாரம் இரவு பத்து மணிக்கு அது நேர் தெற்கே, சுமார் 25 பாகை உயரத்தில் நிற்கும், திரிசங்கு (தென் சிலுவை) அதற்கு இடப்பக்கம். தெற்கே என்றால் எங்களுக்கு ஈப்போ நகரத்தின் வெளிச்சம் இருக்கும் திசை. அதனால் ரிஃப்ராக்டரில் எடுத்த படங்களில் நெபுலாவின் ஓரங்கள் எப்போதும் அழுக்கு மஞ்சளில் கரைந்துபோகும். தோட்டத் தொழிலாளர்களுக்குக் காலையில் பெயர் கூப்பிடும் பழைய பெரட்டுக்களத்து சிமெண்டுத் தரையில் நியூட்டோனியனை நிறுத்தி, நிமிடத்துக்கு ஒரு படமாக 40 எடுத்தேன். மேகம் கெடுத்தது போக 31 தேறியது. அவற்றை மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கியதும் நடுவில் சாவித்துளை போன்ற அந்தக் கரும்பகுதி விளிம்போடு எழுந்து வந்தது. பக்கத்தில் ஈட்டா கரீனே என்ற நட்சத்திரம், ஆரஞ்சு நிறத்தில். 7,500 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் அந்த நட்சத்திரம் 1843ல் அகத்திய நட்சத்திரத்தையும் (கானோபஸ்) மிஞ்சி, சிரியஸுக்கு அடுத்தபடியாக ஒளிர்ந்தது. என் படத்தில் அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நேரத்தைத் தின்னும் இன்னொன்று பனி. ரிஃப்ராக்டரின் லென்ஸ் நேரே வானத்தைப் பார்த்து நிற்பதால் மழை விட்ட இரவில் சீக்கிரம் குளிர்ந்து நீர் கோத்துக்கொள்ளும். போன வருடம் ஹீட்டர் பட்டை சுற்ற மறந்த ஒரு நாள், 50 நிமிடப் படமும் புகை மூட்டமாகப் போனது. நியூட்டோனியனின் முதன்மை ஆடி குழாயின் அடியில் பதுங்கியிருக்கிறது. இதுவரை அதில் ஒரு துளி படியவில்லை. துணை ஆடி மட்டும் ஒருமுறை மங்கியது.

பதிலுக்கு நியூட்டோனியன் கேட்பது காலிமேஷன், அதாவது இரண்டு ஆடிகளையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவருவது. ஒவ்வொரு இரவும், தோட்டத்து மண்பாதையில் காரில் குலுங்கி வந்தபின், லேசரைச் சொருகி அடிப்பக்கத்துத் திருகாணிகளைக் கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருப்ப வேண்டும். சிவப்புப் புள்ளி ஆடியின் நடு வளையத்துக்குள் உட்காரும்வரை விடக்கூடாது. இப்போது எனக்குப் பத்து நிமிடம் போதும், முதல் நாள் ஒரு மணி நேரம் ஆனது. எஃப் 4ல் குவியம் நிற்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் அரை மணிக்கு ஒருமுறை ஃபோகஸைச் சரிபார்க்கிறேன். படத்தின் ஓரத்து நட்சத்திரங்கள் வால் வைப்பதைத் திருத்தும் கோமா கரெக்டர் லென்ஸும் தனியாக வாங்கியாக வேண்டும். அதைப் போட்டும் என் படத்தின் வலது கீழ் மூலையில் நட்சத்திரங்கள் முட்டை வடிவில் இருக்கின்றன. கேமராவின் எடையில் ஃபோகஸர் சாய்கிறது என்று சந்தேகப்படுகிறேன், இன்னும் பிடிபடவில்லை.

தூக்க முடியாதவர், ஃபிளாட்டில் இருப்பவர், பால் வீதியை அகலமாக எடுக்க நினைப்பவர் ரிஃப்ராக்டரே வாங்கலாம். காற்றடிக்கும் கடற்கரையில் நியூட்டோனியனின் குழாய் எப்படி நிற்கும் என்று நான் பார்த்ததில்லை. ஆடிப் பூச்சு இந்த ஈரப்பதத்தில் எத்தனை வருடம் தாங்கும் என்பதும் என் மூன்று மாத அனுபவத்துக்கு எட்டாத விஷயம். குழாய் கேபினட்டுக்குள் போகாததால் பைக்குள் சிலிகா ஜெல் போட்டு வைத்திருக்கிறேன். தீபாவளி மழை ஓய்ந்ததும் ஆடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்ப்பேன்.