பாக்கா, ஹாண்டெலா?

பரோக் இசை (சுமார் 1600 முதல் 1750 வரையிலான ஐரோப்பிய இசை) என்றதும் விவால்டி, டெலிமான், ஸ்கார்லாட்டி என்று பெயர்கள் வரிசை கட்டினாலும், யார் பெரியவர் என்ற வழக்கு கடைசியில் வந்து நிற்பது யோஹான் செபாஸ்டியன் பாக், ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஹாண்டெல் என்ற இருவரிடம்தான். இருவருமே 1685இல் ஜெர்மனியில் பிறந்தவர்கள். பாக் ஐசனாக்கில், ஹாண்டெல் ஹாலேயில். 1719இல் ஹாண்டெல் சொந்த ஊருக்கு வந்திருப்பது தெரிந்து பாக் ஹாலேவுக்குப் போனார். அதற்குள் அவர் கிளம்பிவிட்டிருந்தார். கடைசிவரை இருவரும் சந்திக்கவே இல்லை.

பாக் 1723 முதல் 1750இல் இறக்கும்வரை லைப்சிக் நகரத்தின் சம்பளக்காரர். தேவாலயத்துக்குக் கண்டாட்டா (வாத்தியங்களோடு பாடும் பாடல்தொகுப்பு) எழுத வேண்டும், பள்ளிச் சிறுவர்களைப் பழக்க வேண்டும், நடுவே நகர மன்றத்தோடு மல்லுக்கட்டவும் வேண்டும். ஆனால் பிரார்த்தனைக்கு வந்த கூட்டம் பாட்டு பிடிக்கவில்லை என்று எழுந்து போய்விடாது. லண்டனில் ஹாண்டெலுக்கு அந்தச் சலுகை கிடையாது. டிக்கெட் விற்றால்தான் பிழைப்பு. இத்தாலிய ஆப்பரா, அதாவது இசை நாடகம், போணியாகாமல் போனபோது, நடிப்பில்லாமல் பாடியே கதை சொல்லும் ஆங்கில ஆரட்டோரியோவின் பக்கம் திரும்பினார். 1742இல் டப்ளினில் அரங்கேறிய 'மெசியா' அப்படி வந்ததுதான்.

கேட்பவரை எங்கே நிறுத்தி வைப்பது என்பது ஹாண்டெலுக்குக் கைவந்த கலை. 'ரினால்டோ' ஆப்பராவில் சிறைப்பட்ட அல்மிரேனா, தன்னை அழவிடும்படி கேட்டுப் பாடுகிறாள். மெட்டில் ஓரிரு சொல், பிறகு ஓர் இடைவெளி, மறுபடி ஓரிரு சொல். அழுகை அந்த இடைவெளிகளில்தான் இருக்கிறது. இந்த மெட்டை அவர் 1705இல் ஒரு நடனத்துக்கும், 1707இல் வேறு வரிகளுக்கும் ஏற்கெனவே பயன்படுத்தியிருந்தார். அதைக் குறையாகச் சொல்பவர்கள் பாக்கையும் கவனிக்க வேண்டும். அவருடைய 'கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோ' தனி முரசொலியோடு தொடங்குவதற்குக் காரணம், அந்த இசை முதலில் 1733இல் ஓர் அரசியின் பிறந்தநாளுக்கு, 'முழங்குங்கள் முரசுகளே' என்ற வரிக்கு எழுதப்பட்டது என்பதே.

பாக் தொண்டையையும் வயலினைப் போலத்தான் நடத்துகிறார். மூச்சு விட இடமில்லை என்று பாடகர்கள் புலம்புவதில் நியாயம் உண்டு. தனிக்குரலுக்கு என் ஓட்டு ஹாண்டெலுக்கே. ஆனால் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாக்கின் 'மத்தேயு பாஷன்' முதல் பாடலில் ஒரு பாடகர் குழு 'பாருங்கள்' என்கிறது, எதிர்க்குழு 'யாரை?' என்று குறுக்கிடுகிறது. இரண்டுக்கும் மேலே ஒரு பழைய துதிப்பாடல் தன்பாட்டுக்கு மிதந்து போகிறது. ஒரே தடவையில் யாராலும் முழுக்கக் கேட்டு முடிக்க முடியாது. ஹாண்டெலின் 'மெசியா'வில் வரும் 'அல்லேலூயா' முதல் தடவையிலேயே முழுதாகப் பிடிபட்டுவிடும். அதுவும் திறமைதான், எளிதில் வருவதல்ல. விசைப்பலகை இசையில் போட்டியே இல்லை. 24 சுருதிகளிலும் முன்னிசையும் ஃபியூகும் (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வடிவம்) எழுதி, அதையே இரண்டாம் முறையும் செய்துகாட்டியவர் பாக்.

புகழ் விஷயத்தில் காற்று இரண்டு முறை திசை மாறியது. 1759இல் ஹாண்டெல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் அடக்கம் செய்யப்பட்டார். பாக்கின் கல்லறைக்கோ அப்போது பெயர்க்கல்கூட இல்லை. 1829இல் இசையமைப்பாளர் மெண்டெல்சன் பெர்லினில் 'மத்தேயு பாஷன்' நடத்திய பிறகே பொதுமக்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நூற்றாண்டில் ஹாண்டெலின் ஆப்பராக்கள் தூசி படிந்து கிடந்தன. 1920இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் 'ரோடெலிண்டா' மீண்டும் அரங்கேறியபோதுதான் அவற்றுக்கு மறுவாழ்வு வந்தது. இன்றும் பலர் ஹாண்டெலை 'மெசியா'வோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்கள் அடுத்துக் கேட்க வேண்டியது பாக்கை அல்ல, 'ரோடெலிண்டா'வை.