ஐசோலேஷன் ஃபாரஸ்ட்: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

பம்ப்செட் உதிரி பாகங்களை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். தணிக்கைக்கு உட்காரும்போதெல்லாம், குவிந்து கிடக்கும் பில்களில் எவற்றை எடுத்துப் பார்ப்பது என்ற கேள்வி எழும். எல்லாவற்றையும் பார்க்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. பத்துக்கு ஒன்று என்று எடுத்தால், பார்த்தே ஆக வேண்டிய பில் மீதி ஒன்பதில் இருந்துவிடுகிறது. இதற்காகவே, பைதான் நிரல்மொழிக்கான சைக்கிட்-லேர்ன் என்னும் நிரல் தொகுப்பில் உள்ள, குவியலில் மற்றவற்றிலிருந்து விலகி நிற்பவற்றைத் தேடித் தரும் ஐசோலேஷன் ஃபாரஸ்ட் என்ற டேட்டா மைனிங் (தரவைத் தோண்டி ஆராயும்) கருவியைக் கடந்த ஆறு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். விலை கிடையாது, சாதாரண மடிக்கணினியே போதும், பைதானில் ஓரளவு பழக்கம் இருந்தால் ஒரு பிற்பகலில் ஓட்டிப் பார்த்துவிடலாம்.

ஃபெய் டோனி லியு, காய் மிங் டிங், ஜி-ஹுவா ஜௌ ஆகிய மூவர் 2008இல் வெளியிட்ட முறை இது. வழக்கமானது எப்படி இருக்கும் என்று முதலில் வரையறுத்துவிட்டு, அதற்கு வெளியே நிற்பவற்றைத் தேடுவதுதான் அதுவரை பெரும்பாலோர் கையாண்ட வழி. இவர்கள் விலகியதை நேரடியாகவே பிரித்தெடுக்க முனைந்தார்கள். தொகை, எண்ணிக்கை, தள்ளுபடி, நேரம் என்ற நெடுவரிசைகளில் ஏதேனும் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, அதன் குறைந்த மதிப்புக்கும் கூடிய மதிப்புக்கும் இடையே எங்கோ ஓரிடத்தில் வெட்டி, பில்களை இரு பங்காக்க வேண்டும். ஒவ்வொரு பங்கையும் அதேபோல் மீண்டும் வெட்ட வேண்டும். கூட்டத்தோடு கூட்டமாக இருக்கும் பில்லைத் தனியாகப் பிரிக்கப் பல வெட்டுகள் தேவைப்படும்; ஒதுங்கி நிற்கும் பில்லோ இரண்டு மூன்று வெட்டுகளிலேயே தனித்துவிடும். கிளை கிளையாகப் பிரியும் இந்த வெட்டுகளின் தொடருக்கு மரம் என்று பெயர். இப்படி 100 மரங்களை வளர்த்து, சராசரியாக எத்தனை வெட்டுகளில் ஒரு பில் தனித்தது என்பதைக் கொண்டு அதற்கு மதிப்பெண் இடப்படுகிறது. ஒவ்வொரு மரத்துக்கும் 256 பதிவுகளை மட்டுமே மாதிரியாக எடுப்பதால், லட்சக்கணக்கான வரிகளையும் கருவி அலுப்பின்றி முடித்துவிடுகிறது.

எங்கள் பில்களில் கை வைப்பதற்கு முன், இத்துறையில் பலரும் உரைகல்லாகக் கொள்ளும் கடன் அட்டைத் தரவில் இதை ஓட்டிப் பார்த்தேன். பிரஸ்ஸல்ஸின் யூஎல்பி பல்கலைக்கழக ஆய்வுக் குழுவும் மின்னணுப் பணப்பரிமாற்றச் சேவை தரும் வொர்ல்ட்லைன் நிறுவனமும் இணைந்து நடத்திய ஆய்வில் திரட்டப்பட்ட அத்தொகுப்பில், ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் 2013 செப்டம்பரில் இரண்டு நாட்களில் செய்த 2,84,807 பரிவர்த்தனைகள் உள்ளன. அவற்றில் மோசடி 492 மட்டுமே. எதையும் ஆராயாமல் எல்லாம் நல்லவையே என்று சொல்லிவிடும் நிரல்கூட இங்கே 99.8 சதவீதம் சரியாக இருக்கும். ஆகவே இத்தகைய மென்பொருளை விற்க வருபவர் துல்லியம் 99 சதவீதம் என்று தொடங்கினால், எழுந்து காபி குடிக்கப் போய்விடலாம். கேட்க வேண்டிய கணக்கு வேறு. மோசடிகளில் பத்துக்கு ஒன்பதைப் பிடித்து, நல்லவற்றில் நூற்றுக்கு ஒன்றை மட்டுமே தவறாகச் சந்தேகிக்கும் ஒரு கருவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது பிடிக்கும் மோசடிகள் சுமார் 443. வீணாகச் சந்தேகிக்கப்படுபவை 2,843. ஏறத்தாழ ஏழு எச்சரிக்கைகளில் ஒன்றுதான் தேறும். ஐசோலேஷன் ஃபாரஸ்டும் இதற்கு விலக்கன்று. மதிப்பெண்படி வரிசைப்படுத்தினால் மோசடிகள் பட்டியலின் உச்சியை நோக்கித் திரள்கின்றன என்பது உண்மை. ஆனால் அந்த உச்சியிலும் பெரும்பாலானவை நேர்மையான பரிவர்த்தனைகளே.

அடுத்து, எங்கள் மூன்றாண்டு பில்களின் நகலில் நானே சில பொய்ப் பில்களை ஒளித்துவைத்துச் சோதித்தேன். சில, ஒரே முறை நடக்கும் பெரிய முறைகேடுகள்: நள்ளிரவில் போட்ட பில், பாதி விலைக்கு மேல் தள்ளுபடி, அதுவரை விற்றிராத எண்ணிக்கை. இவை ஏறக்குறைய அனைத்தும் பட்டியலின் முதல் பக்கத்திலேயே வந்து நின்றன. உடன் வந்தது நான் வைக்காத ஒன்று: 12 என்று இருக்க வேண்டிய இடத்தில் 1200 என்று பதிவாகி, பின்பு யாரும் திருத்தாமல் விட்டிருந்த பேரிங் பில். பிறகு நோக்கத்தோடு வேறொன்று செய்தேன். கவுன்ட்டரில் ஒருவர் தினமும் இரண்டு பில்களில் மூன்று சதவீதம் கூடுதலாகத் தள்ளுபடி போட்டு அந்தத் தொகையை எடுத்துக்கொள்வதுபோல் நூற்றுக்கணக்கான வரிகளைச் சேர்த்தேன். அவற்றில் ஒன்றுகூட மேலே வரவில்லை. காரணம் எளிது: அந்தப் பில்கள் ஒன்றுக்கொன்று துணையாக ஒரு கூட்டமாகிவிட்டன. திருட்டு பழக்கமாகிவிட்டால் இந்தக் கருவியின் கண்ணில் அது வியாபாரமே. வாங்குவதற்கு முன், இலவசம்தான் என்றாலும், இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

கருவியில் உள்ள கண்டாமினேஷன் என்ற செட்டிங்கும் எச்சரிக்கையோடு அணுக வேண்டியது. தரவில் எத்தனை பங்கு விலகியது என்று நாமே சொல்லச் சொல்கிறது, 0.01 என்று கொடுத்தால் நூற்றுக்கு ஒன்றைக் கட்டாயம் குறித்துக் காட்டும், தரவு முழுவதும் தூய்மையாக இருந்தாலும்கூட. நான் அதைத் தொடுவதில்லை. மதிப்பெண்களை மட்டும் வாங்கி, ஒரு வாரத்தில் எத்தனை பில்களை எங்களால் உட்கார்ந்து பார்க்க முடியுமோ அத்தனையை மேலிருந்து எடுத்துக்கொள்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு வெட்டும் அந்தத் தேர்வுகளுக்குத் தொடக்கமாக அமையும் ரேண்டம் ஸ்டேட் என்ற எண்ணை நிலையாக வைக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் வரிசை சற்று மாறும் என்பதையும் முதல் வாரமே கற்றுக்கொண்டேன்.

ஆறு மாதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது ஒரு மோசடி அல்ல. எப்போதும் சீல், பேரிங் என்று டஜன் கணக்கில் வாங்கும் ஒரு பழைய வாடிக்கையாளரின் பெயரில், துருப்பிடிக்காத எஃகு இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் பாகம்) ஒரு பெட்டி சென்றிருந்த பில் பட்டியலில் நான்காவதாக வந்தது. பெயர் மாற்றிப் போட்ட பில் என்றே நினைத்து முதலாளியிடம் காட்டினேன். அவர் தொலைபேசியில் விசாரித்தபோது, அந்த வாடிக்கையாளர் உப்புநீர்க் கிணறுகளுக்கான பம்ப் வேலையைப் புதிதாக எடுத்திருப்பதும், மேற்கொண்டு எங்களிடம் சரக்கு இருக்காது என்றெண்ணி வேறிடத்தில் விசாரித்துக்கொண்டிருப்பதும் தெரியவந்தது. தவறான பதிவையும் இந்தப் பில்லையும் கருவி ஒரே குரலில்தான் சொன்னது. இரண்டுக்கும் வேறுபாடு காண்பது அதன் வேலையன்று.

முறைகேட்டை விட்டு, இப்படிப் புதிய வியாபார வாய்ப்பை மட்டுமே தேடுவோருக்கு, ஜப்பானியரான யுகியோ ஓசாவா முன்வைத்த கீகிராஃப் முறை கூடுதலாகப் பொருந்தும் என்பது என் கருத்து. அடிக்கடி சேர்ந்து விற்பவற்றை அது தீவுகளாக வரைந்து, எப்போதாவது மட்டும் விற்றாலும் இரு தீவுகளை இணைக்கும் சரக்கைப் பாலமாகக் காட்டும். ஒதுங்கி நிற்பதைவிட இணைத்து நிற்பதே அங்கே முக்கியம். எங்கள் இம்பெல்லர் அப்படியொரு பாலம்தான். ஆனால் அந்தப் படத்தைப் பொறுமையாக உட்கார்ந்து படிக்க வியாபாரம் அறிந்த ஒருவர் வேண்டும்.

என் பெரிய குறை, கருவி காரணம் சொல்வதில்லை என்பது. மதிப்பெண் வருகிறது, தொகையாலா, நேரத்தாலா, தள்ளுபடியாலா என்பது வருவதில்லை, அதைத் தனியே தோண்ட வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளர் பெயர், ஊர் போன்ற எழுத்துத் தகவல்களை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் பொறுப்பும் நம்முடையதே. பஞ்சாங்கமும் அதற்குத் தெரியாது. தீபாவளிக்கு முந்தைய வாரப் பில்கள் முழுக்கச் சந்தேகப் பட்டியலில் ஏறின. ஆண்டுதோறும் தேதி மாறும் பண்டிகைக்கு மாதத்தையும் நாளையும் கொடுத்துப் பயனில்லை என்று உணர்ந்து, தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள் என்ற ஒரு நெடுவரிசையைச் சேர்த்த பிறகே பட்டியல் அடங்கியது.

இப்போது திங்கட்கிழமை காலையில் இருபது பில்களை அச்செடுத்து முதலாளியின் மேசையில் வைக்கிறேன். அவர் பென்சிலால் பதினைந்தை உடனே அடித்துவிடுகிறார், இரண்டுக்கு என்னைக் கேள்வி கேட்கிறார், மீதி மூன்றுக்குத் தொலைபேசியை எடுக்கிறார்.